இல்லாத காற்றை நம்பிய வண்டிகள்

பனிக்காலக் காலை. மிச்சிகனிலோ மினசோட்டாவிலோ பழைய ஷெவர்லே எஸ்-10 பிளேஸர் வைத்திருப்பவர் ஹீட்டரைப் போடுகிறார். குமிழை எப்படித் திருப்பினாலும் சூடான காற்று முன்கண்ணாடிக்கு மட்டும்தான் போகிறது. முகத்துக்கும் இல்லை, காலுக்கும் இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் விட்டால் டேஷ்போர்டைக் கழற்றுவார், குமிழை மாற்றுவார், பில்லும் போடுவார். இந்த வண்டியோடு பழகிய ஆள் டேஷ்போர்டைத் தொடவே மாட்டார். நேரே அடியில் படுத்து, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் செருகியிருக்கும் சின்ன சுவிட்சிலிருந்து ஹோஸ் கொத்தைப் பிடுங்கிப் பார்ப்பார். குழாய்க்குள் சிவப்பு எண்ணெய் தெரிந்தால் போதும். முகத்துக்கு ஏன் காற்று வரவில்லை, போன வாரம் பனியில் ஃபோர் வீல் டிரைவ் ஏன் விழவில்லை, இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

இரண்டு வேலையையும் செய்வது எஞ்சினின் உறிஞ்சல். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே பிஸ்டன்கள் காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளியே இருப்பதைவிட நன்றாகக் குறைந்துவிடும். பட்டறை மொழியில் அதுதான் வேக்குவம். அதை மெல்லிய குழாய்களில் கொண்டுபோய் பிரேக் பூஸ்டர், ஹீட்டரின் திசைத் தகடுகள், குரூஸ் கன்ட்ரோல், கடைசியில் முன் ஆக்ஸில் வரை வேலை வாங்கினார்கள். பிளேஸரில் அந்த சுவிட்சின் சீல் தேய்ந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் ஏடிஎஃப் எண்ணெயை எஞ்சின் குழாய் வழியே இழுக்கத் தொடங்கும். எண்ணெய் ஏறிப் போய் ஹீட்டர் கன்ட்ரோல் வரை பரவும். வேக்குவம் போய்விட்டால் காற்று முன்கண்ணாடிக்குத் திரும்ப வேண்டும் என்பது தெரிந்தே வைத்த ஏற்பாடு. கால் விறைத்தாலும் ஓட்டிவிடலாம், கண்ணாடியில் பனி மூடினால் ஓட்ட முடியாது.

வேக்குவத்தில் இயங்கும் முன் ஆக்ஸில் 1980களில் வந்து, சுமார் இருபது வருடம் அமெரிக்கச் சாலைகளில் கொடிகட்டிப் பறந்து, பிறகு மெல்ல மின் மோட்டாருக்கு இடம் விட்டது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைவிட, கோளாறு வந்தால் அதைத் தேடும் விதம் எப்படி மாறியது என்பதுதான் எனக்குச் சுவையான கதை. ஆனால் முன்னதைச் சொல்லாமல் பின்னதைச் சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. முன் சக்கரங்கள் எப்போதும் முன் டிஃபரென்ஷியலோடு இணைந்தே இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரைப் போட்டால் எஞ்சினின் சக்தி முன்னால் போகும், எடுத்தால் போகாது. அவ்வளவுதான். எடுத்த பிறகும் முன் சக்கரங்கள் சாலையில் உருளும்போது ஆக்ஸிலையும் டிஃபரென்ஷியலையும் முன் புரொபெல்லர் ஷாஃப்டையும் சும்மா சுழற்றிக்கொண்டே வரும். பெட்ரோலும் வீண், தேய்மானமும் வீண். போர்க்களத்தில் அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. போர் முடிந்து உபரி ஜீப்புகள் விவசாயிகளிடமும் வேட்டைக்காரர்களிடமும் வந்து, தார்ச்சாலையில் நாள் முழுக்க ஓட ஆரம்பித்ததும் கணக்கு வந்தது. 1948இல் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் அந்த ஜீப்புகளுக்காகவே லாக்கிங் ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு. பூட்டினால் சக்கரமும் ஆக்ஸிலும் ஒன்று. திறந்தால் சக்கரம் தனியாக உருளும், ஆக்ஸில் ஓய்வெடுக்கும்.

இதில் ஒரே கஷ்டம், சேறு வந்ததும் கீழே இறங்கி இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னால் குந்த வேண்டும். சேறு வருவதற்கு முன்பே இறங்குகிற புத்தி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆனால் கோளாறு பார்ப்பது என்று ஒரு தனி வேலையே அன்று கிடையாது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது விரல் நுனியில் தெரியும். பிடித்துக்கொண்டால் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினால் ஆயிற்று.

1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறவர்களின் முகம் மாறியது. குழந்தைகளைப் பள்ளியில் விடுகிற குடும்பம், வார இறுதியில் பனிச்சறுக்குக்குப் போகிற குடும்பம். இவர்கள் இறங்கிக் குந்த மாட்டார்கள். அதே சமயம் மைலேஜும் கேட்டார்கள். ஏஎம்சி கம்பெனி 1981இல் தன் ஈகிள் காரில் டேஷ்போர்டு சுவிட்சைத் தட்டினால் முன் இழுவை சேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொடுத்தது. 1983 மாடல் எஸ்-10இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓடும்போதே மாற்றும் வசதியை ‘இன்ஸ்டா-டிராக்’ என்று பெயரிட்டு விற்றது. 1984 மாடலாக வந்த ஜீப் செரோக்கியும் 1987இன் ராங்க்ளர் ஒய்ஜேயும் அதே வழியில் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேக்குவம்தான்.

ஏன் மோட்டார் வைக்கவில்லை? டெட்ராய்ட்டுக்கு வேக்குவம் வீட்டுப் பிள்ளை. பல்லாண்டுகளாக வைப்பர் அதில் ஓடியது. 1968 கார்வெட்டில் ஒளிந்திருக்கும் ஹெட்லைட்டைத் தூக்கி நிறுத்தியதும் அதுதான். எஞ்சின் ஓடும் வரை இலவசம். பலமும் குறைவில்லை. ஆரோக்கியமான எஞ்சின் கடல்மட்டத்தில் ஐடிலில் 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவுக்கு இழுக்கும். மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு டயஃபிரத்தின் மேல் 18 அங்குல வேக்குவத்தைக் கொடுத்தால் கிட்டத்தட்ட 28 கிலோ விசை வரும். ஒரு ஃபோர்க்கை ஒன்றிரண்டு அங்குலம் நகர்த்த அது தாராளம். சுருட்டிய செம்புக் கம்பியோ துருப்பிடிக்கிற மின் இணைப்போ சேற்றுக்கு அருகில் வேண்டியதில்லை என்பது அன்றைய வாதம்.

வாதத்தில் இருந்த ஓட்டை பழைய வைப்பர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் திராட்டில் திறந்துகொள்ளும், வேக்குவம் பூஜ்யத்துக்கு அருகில் விழும், மழையில் வைப்பர் பாதியில் நின்று யோசிக்கும். இதற்காக ஒருவழி வால்வும், இழுத்ததைச் சேமித்து வைக்கும் காலி டப்பாவும் வைத்தார்கள். செரோக்கியில் அந்த டப்பா முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உருண்டை. பார்க்கிங்கில் லேசாக இடித்தாலும் விரிசல் விடும். பம்பரில் கீறல்கூடத் தெரியாது, ஆனால் ஹீட்டர் காற்று திசை மாறிவிடும். உயரம் இன்னொரு எதிரி. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று வேக்குவம் குறைந்துகொண்டே போகும். கொலராடோவில் பத்தாயிரம் அடிக்கு மேல் இருக்கும் லெட்வில் ஊரில் டயஃபிரத்தின் விசை கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஃபோர் வீல் டிரைவ் அதிகம் தேவைப்படும் ஊரில் அதை இயக்கும் சக்தி குறைவு என்பதை வடிவமைத்தவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ! டீசல் எஞ்சினில் பெரும்பாலும் திராட்டிலே இல்லாததால் இலவச வேக்குவமும் இல்லை; நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில் தனி வேக்குவம் பம்பு ஒட்டியிருப்பது அதனால்தான், பிரேக் பூஸ்டருக்காக.

இனி செரோக்கி, ஒய்ஜே ஜீப்புகளின் முன் ஆக்ஸிலைத் திறந்து பார்க்கலாம். இடது பக்க ஷாஃப்ட் ஒரே துண்டு. வலது பக்கம் இரண்டு துண்டு. அவை சந்திக்கும் இடத்தில் பல் வைத்த ஒரு காலர். அதை அங்குமிங்கும் தள்ளும் ஒரு ஃபோர்க். ஃபோர்க்கைத் தள்ளும் டயஃபிரம் டப்பா. காலர் விலகியிருந்தால் வலது சக்கரம் டிஃபரென்ஷியலோடு உறவில்லாமல் உருளும். டிஃபரென்ஷியலின் குணம் என்னவென்றால், ஒரு பக்கம் பிடிப்பே இல்லாவிட்டால் மறுபக்கமும் இழுக்காது. வலது பக்கம் துண்டித்தாலே முன் ஆக்ஸில் முழுவதும் செயலற்றுவிடும், முன் புரொபெல்லர் ஷாஃப்டும் சும்மா இருக்கும். ஒரே இடத்தில் வெட்டி இரண்டு பக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். புத்திசாலித்தனமான சிக்கனம்தான். ஆனால் அந்த ஒரு காலர் வராவிட்டால் நாலு சக்கரமும் இரண்டாகிவிடும்.

கோளாறின் முகமும் இதிலிருந்தே வருகிறது. லீவரைப் போட்டாயிற்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் கடமையைச் செய்கிறது, முன் புரொபெல்லர் ஷாஃப்ட் சுழல்கிறது, ஆனால் முன் சக்கரங்கள் அசையவில்லை. எஞ்சினின் சக்தி, துண்டித்துக் கிடக்கும் வலது ஷாஃப்டின் உள் துண்டைச் சுற்றிக்கொண்டு வீணாகப் போகிறது. ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். முன் புரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் குற்றவாளி டிரான்ஸ்ஃபர் கேஸ், வேக்குவத்தைத் தேட வேண்டாம். சுற்றினால் முன் ஆக்ஸிலுக்கு வாருங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரித்தவர்கள் ஏராளம்.

அடுத்தது கை வேலை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. எஞ்சினை ஐடிலில் விட்டு, மேனிஃபோல்டிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் சுவிட்சுக்கு வரும் குழாயைப் பிடுங்கிக் கட்டைவிரலால் மூடுவார்கள். விரலைக் கவ்வி இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கோளாறு மேலே. வெப்பத்தில் மொறுமொறுத்துப் போன பிளாஸ்டிக் குழாயோ, எலி கடித்த ரப்பரோ, ஒருவழி வால்வோ. இழுத்தால் குழாயைத் திரும்ப மாட்டி, சுவிட்சுக்கு அந்தப் பக்கம் போவார்கள். லீவரை ஃபோர் வீலில் போட்டால் ஒரு குழாயிலும் டூ வீலில் போட்டால் இன்னொரு குழாயிலும் இழுவை மாறி மாறி வர வேண்டும். இரண்டிலும் மந்தமாக வந்தால் சுவிட்ச் உள்ளுக்குள் கசிகிறது. எண்ணெய் வந்தால் கேட்கவே வேண்டாம், சுவிட்சை மாற்றிவிட்டுக் குழாய்களை எல்லாம் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் புது சுவிட்ச் போட்டால் மிச்ச எண்ணெய் மறுபடி டயஃபிரத்தின் ரப்பரில் போய் உட்காரும்.

கடைசிச் சோதனைக்குக் கையால் அழுத்துகிற வேக்குவம் பம்பு. பிஸ்டல் மாதிரி பிடி, மேலே வட்ட மீட்டர். அதன் குழாயை நேரே டயஃபிரம் டப்பாவில் செருகி நாலைந்து தடவை அழுத்தினால் முள் 15, 18 என்று ஏறும். ஏறிய இடத்தில் நிற்க வேண்டும். இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வராததுபோல, டயஃபிரம் கிழிந்திருந்தால் எத்தனை அழுத்தினாலும் முள் ஏறாது. முள் நிற்கிறது, ஆனால் ஃபோர்க் நகரவில்லை என்றால் அது இரும்பின் கதை: ஃபோர்க்கின் கால்கள் தேய்ந்திருக்கும், அல்லது காலரின் பற்கள் மழுங்கியிருக்கும். சக்கரத்தைக் கையால் லேசாக அசைத்துக்கொடுத்தால் பற்கள் நேருக்கு நேர் வந்து ‘டொக்’ என்று விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பட்டறையில் எல்லோர் முகமும் மலரும்.

பாதிக் கோளாறுகள் கோளாறே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டினால் முன்பின் ஆக்ஸில்களுக்கு நடுவே முறுக்கு ஏறிக்கொள்ளும். லீவரை எடுத்த பிறகும் அந்த முறுக்கு காலரைக் கவ்விப் பிடித்திருக்கும். வேக்குவம் இழுத்தும் விடாது. பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் தானாக விட்டுவிடும். இதைச் செய்யாமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவரிடம் வாங்கிய பணத்தில் எத்தனை மெக்கானிக்குகள் சாப்பிட்டிருப்பார்கள் என்று தெரியாது.

அந்த ஜீப்பில் நான் மிக மதிக்கும் ஒரு சங்கதி, டேஷ்போர்டில் எரியும் ஃபோர் வீல் விளக்கு. லீவரை நகர்த்தியதும் எரிகிற விளக்கு இல்லை அது. ஆக்ஸிலில் ஃபோர்க் முழுக்க நகர்ந்தால்தான் டயஃபிரம் டப்பாவின் வழியாக வேக்குவம் இன்னொரு குழாய்க்குத் திறந்து, மேலே ஏறி, விளக்கின் சுவிட்சை இயக்கும். வேலை முடிந்த பிறகு வரும் செய்தி. லீவர் ஃபோர் வீலில் இருந்தும் விளக்கு எரியாவிட்டால் ஆக்ஸில் சேரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பிறகு வந்த சில வண்டிகள் இந்த நேர்மையைக் கைவிட்டன. 1990களில் எஸ்-10 பிளேஸரில் லீவர் போய் பட்டன் வந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸை மின் மோட்டார் நகர்த்தும். ஆனால் முன் ஆக்ஸிலை நகர்த்துவது பழைய வேக்குவமே. பட்டனில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன் சக்கரம் சும்மா இருக்கும். பாதி மின்சாரம் பாதி வேக்குவம் என்ற இந்த இடைக்கால ஏற்பாடுதான் தேடுகிறவர்களை மிகவும் அலைக்கழித்தது.

பிளேஸரில் டயஃபிரம் டப்பா ஆக்ஸிலில் இல்லை. எஞ்சின் அறையில், பேட்டரி தட்டுக்கு அடியில். அங்கிருந்து ஒரு கேபிள் கீழே போய் ஃபோர்க்கை இழுக்கும். சேற்றுக்கு எட்டாத இடம் என்று வைத்தார்கள் போலும். பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட் சொட்டுச் சொட்டாக அதன் தலையில்தான் விழுந்தது. கேபிள் துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொள்வது தனி.

இந்த வண்டிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, வேக்குவம் போனால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை. ஜீப்பின் டப்பாவில் இரு பக்கமும் வேக்குவம் வேண்டும். போனால் காலர் இருந்த இடத்திலேயே நிற்கும். பிளேஸரில் போனால் டூ வீல்தான். ஃபோர்டு 2004 எஃப்-150இல் இதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு முன் சக்கரத்திலும் ஒரு சின்ன இணைப்பு; ஸ்பிரிங் அதைச் சேர்க்கப் பார்க்கும், வேக்குவம் அதைப் பிரித்துப் பிடித்திருக்கும். குழாய் கிழிந்தால் சக்கரம் தானே ஆக்ஸிலோடு சேர்ந்துகொள்ளும், டிரான்ஸ்ஃபர் கேஸைப் போட்டால் ஃபோர் வீல் கிடைக்கும். காட்டுக்குள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். நல்ல எண்ணம். ஆனால் குழாய்கள் ஒரேயடியாகக் கிழிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அப்போது பற்கள் சேரவும் இல்லாமல் பிரியவும் இல்லாமல் உரசி, முன் சக்கரத்திலிருந்து அரவை மில் சத்தம் வரும். பேரிங் போய்விட்டது என்று பேரிங்கை மாற்றுவார்கள், சத்தம் போகாது. சோதனை மிக எளிது. சத்தம் வரும்போது ஃபோர் வீல் பட்டனைப் போடுங்கள். சத்தம் நின்றால் பேரிங் நன்றாகவே இருக்கிறது, குழாயையும் தடுப்புச் சுவரில் இருக்கும் சோலினாய்டையும் பாருங்கள். மழைநீர் அந்த சோலினாய்டில் இறங்குவது அந்த வண்டிகளின் பிறவிக் குணம்.

வேக்குவத்திலிருந்து மின்சாரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டதுபோல மாற்றம் வரவில்லை. 1988இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்கப்புகளில் வேக்குவமும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு குப்பிக்குள் அடைத்த பொருளை மின்சாரத்தால் சூடாக்கினால் அது விரிந்து கம்பியைத் தள்ளும். உறைபனியில் சூடாக நேரம் பிடிக்கும். பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்குள் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். பிறகு அதைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் பொருத்தும் மாற்று வந்து பரவியது. ஜீப்போ இன்னொரு திசையில் போனது. 1990களின் தொடக்கத்தில் செரோக்கியிலிருந்து துண்டிப்பையே எடுத்தார்கள். 1997 மாடல் ராங்க்ளர் டிஜேயிலும் அது கிடையாது. முன் ஷாஃப்ட் எப்போதும் சுழலட்டும் என்று விட்டுவிட்டார்கள், வில்லிஸ் காலத்தில் இருந்ததுபோலவே. எரிபொருள் விதிகள் இறுகிய பின் 2018 மாடல் ராங்க்ளர் ஜேஎல்லில் துண்டிப்பு திரும்பி வந்தது. அதே வலது பக்க வெட்டு, அதே காலர், அதே ஃபோர்க். தள்ளுவதற்கு மட்டும் மின் மோட்டார்.

மின் கார்களிலும் இதன் பேரன் ஒருவன் இருக்கிறான். ஹூண்டாயின் நாலு சக்கர இயக்க அயோனிக் 5இல் முன் மோட்டார் தேவையில்லாதபோது அதைச் சக்கரத்திலிருந்து பிரித்துவைக்கும் அமைப்பு உண்டு. வீண் சுழற்சியைக் குறைத்துப் பேட்டரியை மிச்சப்படுத்த. ஸ்ரீபெரும்புதூரில் கோக்கப்படும் அயோனிக் 5 பின் சக்கர இயக்கம் மட்டுமே என்பதால் அந்தக் காரில் நம் மெக்கானிக்குகளுக்கு அதைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வரவில்லை.

இன்று கோளாறு தேடுவது வேறு தொழில். ஜேஎல்லில் முன் ஆக்ஸில் சேரவில்லை என்றால் டேஷ்போர்டில் எழுத்திலேயே செய்தி வரும். ஸ்கேனரைச் செருகினால் கட்டளை போனதா, மோட்டார் நகர்ந்ததா, சென்சார் என்ன சொல்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். வெயிலில் படுத்துக் குழாயைத் தடவ வேண்டியதில்லை. பழையதைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உயரமும் முழு மிதியும் இதைத் தொடாது, எண்ணெயும் ஏறாது. ஆனால் ஒரு புதுக் கதவு வந்திருக்கிறது. 2018 வாக்கில் இருந்து ஜீப்பைச் செய்யும் குழுமத்தின் வண்டிகளில் பாதுகாப்பு கேட்வே என்று ஒரு பூட்டு. கோளாறுக் குறியீட்டைப் படிக்க யாருக்கும் தடையில்லை. ஆனால் குறியீட்டை அழிக்கவும், மோட்டாரை ஸ்கேனரிலிருந்து ஓடவிட்டுச் சோதிக்கவும் பதிவு செய்த கருவியும் கணக்கும் வேண்டும். திருடர்களும் ஹேக்கர்களும் புகுந்துவிடக் கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். கட்டைவிரலை வைத்து இழுவை பார்த்த ஆளுக்கு இப்போது முதலில் லாகின் வேண்டும். அதற்குப் பணமும் உண்டு.

குழாயில் கசிவைக் கண்டுபிடிக்கும் வித்தையும் மாறிவிட்டது. அன்று ஒரு முழ நீள ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை வரிசையாக நகர்த்துவார்கள். ‘ஸ்ஸ்’ என்று வரும் இடம் கசிவு. சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீயோடு விளையாட்டு. இன்று புகை இயந்திரம் வந்துவிட்டது. குழாய்க்குள் வெண்புகையை மெல்ல ஏற்றினால் ஓட்டை இருக்கும் இடத்தில் கீற்றாக வெளியே வரும். பழைய வேக்குவம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றைய காலம் கொடுத்த உண்மையான பரிசு இதுதான். பாகங்கள் விஷயத்தில் காலம் அவ்வளவு தாராளமாக இல்லை. ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கலாம்; குழாய்களை ஒன்றாகப் பிடிக்கும் பழைய ரப்பர் கனெக்டரைத்தான் தேடி அலைய வேண்டும்.

மிச்சமிருக்கும் ஒய்ஜேக்களையும் பிளேஸர்களையும் வைத்திருப்பவர்கள் மூன்று வழியில் போகிறார்கள். சிலர் காலரை இணைந்த நிலையிலேயே இறுகக் கட்டிவைத்துவிட்டு வேக்குவத்தை மறந்துவிடுவார்கள். அல்லது வலது பக்கம் ஒரே துண்டு ஷாஃப்டைப் போட்டுவிடுவார்கள். முன் ஷாஃப்ட் எப்போதும் சுழலும், கொஞ்சம் பெட்ரோல் போகும், பழைய முன் ஜாயின்டுகள் நெடுஞ்சாலையில் அதிர ஆரம்பிக்கலாம். சிலர் எல்லாக் குழாயையும் புதிதாகப் போட்டு, சுவிட்சை மாற்றி, அந்தக் காலத்தில் இருந்தபடியே கொண்டுவருவார்கள். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை கை பம்பை வைத்துப் பார்த்தால் பல வருடம் தாங்கும். அடிக்கடி சேற்றிலும் மலையிலும் இறங்குகிறவர்கள் மூன்றாவது வழிக்குப் போகிறார்கள். டயஃபிரத்தையே எடுத்துவிட்டு, டிரைவர் கையில் ஒரு பிடியும் அங்கிருந்து ஃபோர்க் வரை ஒரு கேபிளும். இழுத்தால் சேரும், தள்ளினால் பிரியும்.

கேபிளுக்கு மாறுகிறவர்கள் மேனிஃபோல்டில் அந்தக் குழாய் கிளம்பும் இடத்தை மூடி போட்டு அடைக்க வேண்டும். திறந்து விட்டால் எஞ்சின் ஐடிலில் தடுமாறும், பிரேக் பூஸ்டரின் பங்கும் குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சுவிட்சை இடத்திலேயே விட்டு அதன் வாய்களையும் அடைத்துவிட்டால் நல்லது, எண்ணெய் சொட்டாது. ஜீப்பாக இருந்தால் டேஷ்போர்டு விளக்கு இனி எரியாது, அதற்குப் போய்க்கொண்டிருந்ததும் வேக்குவம்தான். ஆக்ஸில் சேர்ந்ததா என்று பிடி எவ்வளவு தூரம் வந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.